கையில எத்தன கோடு? ஆமியில கீழ் ரேங்குகள அடையாளம் பிடிக்கிறது எப்பிடி

தியத்தலாவ, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் இருக்கிறவங்களுக்கு இலங்கை ஆமிக்காரங்கள பாக்கிறது புதுசே இல்ல, பஸ்ஸுல பக்கத்து சீட்டுல இருப்பாங்க, கடையில பிளேன்டீ குடிச்சிட்டு நிப்பாங்க, லீவுக்கு போறப்ப பெரிய பேக்க தூக்கிட்டு ஸ்டேஷன்ல கோச்சிக்கு காத்துட்டு இருப்பாங்க. ஆனா அதுல சாதாரண சிப்பாய் யாரு, லான்ஸ் கோப்ரல் யாரு, கோப்ரல் யாருன்னு கேட்டா நம்மாளுங்கள்ல நெறைய பேருக்கு சொல்லத் தெரியாது, எல்லாரும் ஆமிக்காரர்தான், எல்லாரும் சேர்தான். தெரிஞ்சு என்னத்துக்குன்னு கேக்காதீங்க. இப்ப தோட்டத்து பிள்ளைங்களும் ஆமிக்கு சேரணும்னு விசாரிக்கிறாங்க, அப்பா அம்மா கெம்ப் கேட்ல போய் யாருகிட்ட பேசுறதுன்னு தெரியாம ஓரமா நிக்கிறாங்க, மண்சரிவு வந்து ஆமி வந்து இறங்கினா யாருகிட்ட விஷயத்த சொல்லணும்னு தெரியாம கெடைச்சவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டு திரியிறாங்க. இது தெரிஞ்சா அந்த அலைச்சல் பாதி குறையும், அதுக்குத்தான் எழுதுறேன்.

நான் டெய்லர். ஆமி ஆளுங்க சட்டைய கொண்டு வந்து தந்தா கையில கோடு வச்சு தைக்கிறது, பழைய கோட்ட பிரிச்சு எடுத்துட்டு புதுசு வைக்கிறது, ஜேர்சிக்கு வைக்கிறது எல்லாம் என் மெஷினுக்கு அன்றாடம் வர்ற வேல, அதனால யாருக்கு எத்தன கோடு, அந்த கோடு வந்ததும் அவருக்கு என்ன மாறுதுன்னு அவங்க வாயாலயே கேட்டு கேட்டு பழகிருச்சு.

முதல்ல எங்க பாக்கணும்னு சொல்றேன். ஒருத்தர பாத்ததும் தோள பாருங்க, அப்புறம் மேல்கைய பாருங்க. தோள்ல நட்சத்திரம் இல்லாட்டி அரச சின்னம் இருந்தா அவர் ஒபிசர், செக்கன்ட் லெப்டினன்டுக்கு ஒரு நட்சத்திரம், லெப்டினன்டுக்கு ரெண்டு, கெப்டனுக்கு மூணு, மேஜருக்கு நட்சத்திரம் போயி அரச சின்னம் வந்துரும். தோள்ல அப்பிடி ஒண்ணும் இல்லாம மேல்கையில V மாதிரி கோடு இருந்தா அவர் சிப்பாயா சேந்து படிப்படியா ஏறி வந்தவர். V ஓட கூர் கீழ பாத்துதான் இருக்கும். இந்த ரெண்டு வழியும் வேற வேற, ஒண்ணுல ஏறி ஏறி தானா அடுத்ததுக்குள்ள போயிரலாம்னு நினைக்காதீங்க, ஒபிசர் ஆகிறவங்க தியத்தலாவ மிலிட்டரி அக்கடமி மாதிரி எடத்துல தனியா பயிற்சி எடுத்துட்டு வெளிய வர்றவங்க. அதனாலதான் பதினஞ்சு வருஷம் சேவை செஞ்ச கோப்ரல் ஒருத்தர் இருபத்திரெண்டு வயசு செக்கன்ட் லெப்டினன்டுக்கு சல்யூட் அடிக்கிறத நீங்க ரோட்டுல பாப்பீங்க, அதுல யாருக்கும் அவமானம் கெடையாது, மொறையே அப்பிடித்தான்.

இப்ப கோட்டுக்கு வருவோம். கோடே இல்லாட்டி சாதாரண சிப்பாய், இங்கிலீஷ்ல பிரைவேட்னு சொல்றது. ஒரு கோடு லான்ஸ் கோப்ரல், ரெண்டு கோப்ரல், மூணு சார்ஜன்ட், மூணு கோட்டோட மேல அரச சின்னமும் சேந்து இருந்தா ஸ்டாப் சார்ஜன்ட். அதுக்கு மேல வொரண்ட் ஒபிசர் ரெண்டு தரம் இருக்கு, அவங்களுக்கு கோடு கெடையாது, சின்னம் மட்டும்தான். கடுதாசி, போர்டு எல்லாம் சிங்களத்துல வர்றதால அந்த பேரையும் காதுல போட்டுக்குங்க: சிப்பாய்க்கு சாமான்ய செபல, லான்ஸ் கோப்ரலும் கோப்ரலும் அப்பிடியே அதே பேரு, சார்ஜன்டுக்கு சரயன், ஸ்டாப் சார்ஜன்டுக்கு மாண்டலிக சரயன், வொரண்ட் ஒபிசருக்கு பலலத் நிலதாரி. பொம்பளைங்க படையணியிலயும் இதே கோடு இதே பேருதான், வித்தியாசம் கெடையாது.

கோடு இல்லாதவர் எல்லாரும் நேத்து சேந்த பொடியன்னு நினைச்சிராதீங்க. வருஷக்கணக்கா சேவை செஞ்சும் கோடு எடுக்காத ஆளுங்க இருக்காங்க, சிலருக்கு கோர்ஸ் கெடைக்கல, சிலருக்கு பரீட்சை சரிவரல, சிலர் ஒரு குத்தத்துக்கு தண்டனையா இருந்த கோட்டையும் இழந்தவங்க. அவங்களுக்கு ரேங்க் இல்லாட்டியும் கெம்புக்குள்ள அனுபவத்துக்கு ஒரு மரியாத இருக்கு. இன்னொண்ணு, பிரைவேட்ங்கிற பேரு எல்லா ரெஜிமென்ட்லயும் ஒட்டாது. ஆர்ட்டிலரியில அதே ஆளு கன்னர், இன்ஜினியர்ஸ்ல சப்பர், கவச வாகனப் படையில ட்ரூப்பர், சிக்னல்ஸ்ல சிக்னல்மேன். "எங்க மகன் சப்பராம், அது பெரிய பதவியா"ன்னு கேக்கிற அப்பாமார் இருக்காங்க, அது கோடு இல்லாத முதல் படிதான், ஆனா பாலம் போடுறது, மிதிவெடி எடுக்கிறது மாதிரி வேல தெரிஞ்ச படையணியோட பேரு அது, பெருமையா சொல்லிக்கலாம். அதே மாதிரி ஆர்ட்டிலரியில லான்ஸ் பொம்பாடியர்னா லான்ஸ் கோப்ரல், பொம்பாடியர்னா கோப்ரல், கையில கோட்ட எண்ணினா கணக்கு சரியா வந்துரும்.

ஒரு கோடுதான் எல்லாத்துலயும் கஷ்டமான கோடுன்னு நான் சொல்லுவேன், இத கொஞ்சம் விளக்கமா எழுதணும். முதல் கோடு வச்சு தைக்க வர்ற பொடியன் முகத்த பாத்தாலே தெரியும், சட்டைய மடிக்காம கையில தொங்க விட்டு கொண்டு வருவான், ஊசி போடுற எடத்த குனிஞ்சு பாத்துட்டே நிப்பான், கோணலாயிரக் கூடாது அண்ணே, ரெண்டு பக்கமும் சமமா வரணும் அண்ணேம்பான், கூட வந்த கூட்டாளிங்க கோடு கெடைச்ச சந்தோஷத்துக்கு தண்ணி எப்ப ஊத்துறன்னு கேட்டு கலாய்ப்பாங்க. ஆனா அந்த சட்டைய போட்டுட்டு போன அன்னைக்கே நிலம மாறுது. நேத்து வரைக்கும் ஒரே பெரக்குல, அதாவது சிப்பாய்ங்க தங்குற கட்டடத்துல, பக்கத்து பக்கத்து கட்டில்ல படுத்தவன், ஒரே பாத்திரத்துல சாப்பிட்டவன், இன்னைக்கு அவன எழுப்பி ராத்திரி டியூட்டிக்கு அனுப்ப வேண்டியவன் இவன்தான், அவன் பிந்தி வந்தா மேல சொல்ல வேண்டியவனும் இவன்தான். பெரக்குல எடம் அதேதான், சாப்பாடு அதேதான், சம்பளத்துலயும் பெரிசா ஒண்ணும் கூடாது, பொறுப்பு மட்டும் கூடிருது. மேல இருக்கிற கோப்ரலும் இன்னும் முழுசா நம்ப மாட்டாரு, கீழ இருக்கிற கூட்டாளிங்களும் பழைய மாதிரி பேச மாட்டாங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல நின்னு தாக்குப் பிடிக்கிறவன்தான் அடுத்த கோட்டுக்கு வருவான்.

வேலைன்னு பாத்தா காலாட்படையில ஒரு செக்ஷன்னு சொல்றது ஏறத்தாழ எட்டுப் பத்து பேர் இருக்கிற சின்ன குழு, அதுக்கு தலைவர் கோப்ரல், அவருக்கு அடுத்தவர் லான்ஸ் கோப்ரல். கோப்ரல் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கத்து நாலு பேர லான்ஸ் கோப்ரல் பாத்துக்கணும், கோப்ரல் லீவுல போனா மொத்தத்தையும் பாத்துக்கணும். தண்ணி இருக்கா, தோட்டா கணக்கு சரியா, யாருக்கு காய்ச்சல், யாரோட சப்பாத்து பிஞ்சிருக்கு, இதெல்லாம் எண்ணி சொல்றது பெரும்பாலும் இவர் தலையிலதான்.

ரெண்டு கோடு வந்தா கோப்ரல். மலையில கங்காணிய நினைச்சுக்குங்க, கொழுந்து பறிக்கிற கூட்டத்தோட மழையில நனைஞ்சுட்டு நிக்கிறதும் அவருதான், ஆபீஸ்ல இருந்து வர்ற சொல்ல ஆளுங்ககிட்ட கொண்டு போறதும் அவருதான், நிறுவையில குறைஞ்சா துரை கூப்பிட்டு கேக்கிறதும் அவரைத்தான். கோப்ரலும் அதே மாதிரி ஆளுங்களோடயே நடந்து, ஆளுங்களோடயே படுத்து எழும்பி, அந்தப் பத்து பேர் செய்யிற எல்லாத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள். லான்ஸ் கோப்ரலுக்கும் கோப்ரலுக்கும் வித்தியாசம் ஒரு கோடுதானேன்னு வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு தோணும், உள்ள அது பெரிய தூரம். லான்ஸ் கோப்ரல் ஒரு பிழை விட்டா அதுக்கு கோப்ரலும் சேந்து பதில் சொல்லணும், கோப்ரல் பிழை விட்டா அது அவரோடது. புது சிப்பாய்க்கு துப்பாக்கி பிரிச்சு துடைக்கிறதுல இருந்து படுக்கை மடிக்கிறது வரைக்கும் பழக்குறதும் பெரும்பாலும் கோப்ரல்தான், அதனால எத்தனையோ வருஷம் ஓய்வுல இருக்கிற ஆளுங்ககிட்ட பேச்சு குடுத்தாலும் ஜெனரல் பேர விட தன்னை பழக்கின கோப்ரலோட பேர்தான் டக்குனு சொல்லுவாங்க.

லான்ஸ் கோப்ரல், கோப்ரல் ரெண்டு பேரையும் ஜூனியர் என்சிஓன்னு சொல்றது, என்சிஓன்னா ஒபிசர் இல்லாத, கோடு வச்ச தலைவர். மூணாவது கோட்டோட கணக்கு மாறிருது. சார்ஜன்ட் ஆனா சீனியர் என்சிஓ, மூணு செக்ஷன் சேந்த பிளட்டூன்ல ஒபிசருக்கு அடுத்த ஆள், சாப்பிடுற எடமும் மாறும், வொரண்ட் ஒபிசர்மாரும் சார்ஜன்ட்மாரும் இருக்கிற மெஸ்ஸுக்கு போயிருவார். அதுக்கு மேல இருக்கிறத இங்க விரிச்சு எழுதல.

ரெண்டு கோடு இருக்கிற எல்லாரும் செக்ஷன் நடத்துறவங்கன்னும் இல்ல, இத கவனிங்க. டிரைவர், குக், கிளார்க், மெக்கானிக், மருந்து கட்டுறவர்னு தொழில் பக்கம் இருக்கிறவங்களுக்கும் கோடு வரும். லொறி ஓட்டுற கோப்ரலுக்கு கீழ பத்து பேர் இல்லாம இருக்கலாம், ஆனா ரேங்க் ரேங்க்தான், அவர கோப்ரல்னுதான் கூப்பிடணும்.

இனி குழப்பம் வர்ற எடங்கள சொல்றேன். இங்கிலீஷ் படம் பாத்து பழகின பொடியன்கள் அமெரிக்க ஆமி கோட்ட இங்க வச்சு பாப்பாங்க, அது பொருந்தாது. அங்க V தலகீழா மேல பாத்து இருக்கும், அங்க ஒரே ஒரு கோடுன்னா அது இன்னும் பிரைவேட்தான், இங்க ஒரு கோடு லான்ஸ் கோப்ரல். ரெண்டு கோடு கோப்ரல், மூணு கோடு சார்ஜன்ட்ங்கிறது மட்டும் ரெண்டு பக்கமும் ஒத்துப் போகும்.

இந்தியா பக்கம் பேரே வேற. நம்ம மலையகத்துல நெறைய குடும்பத்துக்கு 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் அங்க போன சொந்தக்காரங்க இருக்காங்க, நீலகிரியில கூடலூர், கோத்தகிரி, குன்னூர்னு. குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட பயிற்சி நிலையம் இருக்கிறதால அந்தப் பிள்ளைங்க போன்ல பேசுறப்ப மாமா பையன் லான்ஸ் நாயக் ஆயிட்டான், நாயக் ஆயிட்டான்னு சொல்லும், இங்க இருக்கிறவங்களுக்கு அது எந்த உயரம்னு புரியாது. லேசா வச்சுக்கலாம்: அங்க சிப்பாய் இங்க பிரைவேட், அங்க லான்ஸ் நாயக் இங்க லான்ஸ் கோப்ரல், நாயக் கோப்ரல், ஹவில்தார் சார்ஜன்ட். கோட்டு எண்ணிக்கையும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு அதேதான், ரெண்டு நாடும் பிரிட்டிஷ் ஆமி மொறையில இருந்து வந்ததால அப்பிடி. சுபேதார்னு ஒரு நடு அடுக்கு அங்க இருக்கு, அது இங்க கெடையாது.

பொலிஸ்லயும் சார்ஜன்ட் இருக்காங்க, அங்கயும் கையில கோடு இருக்கும், அது தனி வரிசை, ஆமி சார்ஜன்டோட போட்டு குழப்பிக்க வேணாம். ஸ்கூல்ல கெடட் பிள்ளைங்களுக்கும் லான்ஸ் கோப்ரல், கோப்ரல், சார்ஜன்ட்னு கோடு குடுப்பாங்க, ரந்தம்பை கெம்புக்கு போயிட்டு வந்த பிள்ளை கோட்டோட வீட்டுக்கு வந்தா சந்தோஷப்படுங்க, ஆனா அது தேசிய மாணவர் படையணியோட ரேங்க், ஆமியில சேந்தா மறுபடி கோடு இல்லாமத்தான் தொடங்கணும்.

சல்யூட் ஒரு நல்ல அடையாளம். தூரத்துல இருந்து கோடு தெரியாட்டி யாரு யாருக்கு சல்யூட் அடிக்கிறாங்கன்னு பாருங்க, சல்யூட் ஒபிசருக்கு மட்டும்தான், கோப்ரலுக்கோ சார்ஜன்டுக்கோ யாரும் அடிக்க மாட்டாங்க. நம்ம பக்கத்து மழையில இது ரொம்ப உதவும், ரெயின்கோட் போட்டுட்டா கை மூடிரும், ஒரு கோடும் தெரியாது, அப்ப யாரு குரல் குடுக்க மத்தவங்க நகர்றாங்கன்னு ஒரு நிமிஷம் பாத்தா போதும்.

எப்பிடி கூப்பிடுறதுன்னு கேப்பீங்க. நாம ஆமிக்குள்ள இல்லாதவங்க, அதனால மரியாதையா சேர்னு சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோடு தெரிஞ்சா "கோப்ரல்", "சார்ஜன்ட்"னு கூப்பிடலாம், அது அவங்களுக்கு உண்மையிலயே பிடிக்கும், முகம் மலர்ந்து திரும்புவாங்க. லான்ஸ் கோப்ரல பேச்சுல கோப்ரல்னு சொன்னாலும் குத்தமில்ல, எழுத்துல மட்டும் சரியா எழுதுங்க. சின்ன வயசா இருக்கிறாரேன்னு மல்லின்னு, அதாவது சிங்களத்துல தம்பின்னு கூப்பிடுறத நான் விரும்பல, யூனிபோம்ல டியூட்டியில நிக்கிற ஆள், அது நல்லா இல்ல.

கெம்புக்கு மகன பாக்க போறவங்க இத செய்யுங்க. கேட்ல துப்பாக்கியோட நிக்கிற பொடியன் பெரும்பாலும் கோடு இல்லாத சிப்பாய், அவனுக்கு உங்கள உள்ள விட அதிகாரம் இல்ல, அவன்கிட்ட கெஞ்சுறதுலயோ கோவப்படுறதுலயோ பலன் இல்ல, பாவம் அவன் நின்ன எடத்த விட்டு நகரக் கூட முடியாது. "கார்ட் கொமாண்டர பாக்கணும்"னு சொல்லுங்க, கார்ட் ரூம்ல இருந்து கோடு வச்ச ஒருத்தர் வருவார். அவர்கிட்ட மகனோட சேவை இலக்கம், ரேங்க், முழுப் பேரு, எந்த ரெஜிமென்ட், எத்தனையாவது பட்டாலியன், இந்த அஞ்சையும் ஒரு துண்டுல சிங்களத்துல எழுதி குடுங்க, அடையாள அட்டைய கையோட வச்சிருங்க. வெறும் பேர மட்டும் சொன்னா கஷ்டம், ஒரே பேர்ல எத்தனையோ பேர் இருப்பாங்க, சேவை இலக்கம் ஒருத்தருக்கு ஒண்ணுதான். மகன் முதல் லீவுல வர்றப்பவே இந்த விவரத்த கலண்டருக்கு பின்னால எழுதி வாங்கி வச்சிருங்க.

மண்சரிவு நேரம் இன்னும் முக்கியம். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருந்த வீடுங்க லயம் லயமா மண்ணுக்குள்ள போனப்ப ஆமிதான் வந்து தோண்டிச்சு, அதுக்கு அப்புறமும் எத்தன மழைக்கு வந்திருக்காங்க. அந்த மாதிரி எடத்துல ஆளுங்கள சின்ன சின்ன குழுவா பிரிச்சு விடுவாங்க, ஒவ்வொரு குழுவுக்கும் கோப்ரலோ சார்ஜன்டோ இருப்பார். லயத்துல எந்தக் காம்பராவுல யாரு இருந்தாங்க, பழைய கிணறு எங்க இருந்துச்சு, கரண்ட் கம்பி எங்க விழுந்து கெடக்கு, இந்த மாதிரி எடம் சார்ந்த விஷயத்த உங்க பக்கத்துல தோண்டுற குழுவோட கோப்ரல்கிட்ட நேரா சொல்லுங்க, அவர் அந்த நிமிஷமே ஆள மாத்தி விட முடியும். சாப்பாடு, தங்குற எடம், நிவாரணம், எத்தன குடும்பம்ங்கிற கணக்கு மாதிரி விஷயத்துக்கு கோப்ரல்கிட்ட போய் பிரயோசனம் இல்ல, அதுக்கு தோள்ல நட்சத்திரம் இருக்கிற ஒபிசரும் நம்ம கிராம சேவகரும் பேசணும். மண்வெட்டியோட நிக்கிற சிப்பாய்கிட்ட முறைப்பாடு சொல்லி அழுதா அவனும் சேந்து அழுவானே தவிர ஒண்ணும் செய்ய முடியாது. சிங்களம் நல்லா தெரிஞ்ச ஒருத்தர முன்னாடியே பாத்து அவர மட்டும் பேச விடுங்க, பத்து பேர் சுத்தி நின்னு கத்தினா ஒருத்தர் சொல்றதும் காதுல விழாது.

சேரப் போற பிள்ளைங்களுக்கு ஒண்ணு. கோடு வருஷம் போனா தானா விழுற சம்பள உயர்வு இல்ல. சேவைக்காலம் வேணும், கோர்ஸ் பாஸ் பண்ணணும், நடத்தை பதிவு சுத்தமா இருக்கணும், மேல எடமும் காலியா இருக்கணும். கோர்ஸ்ல மாப் படிக்கிறது, ஆள நடத்துறது, பாடம் நடத்துறது எல்லாம் இருக்கும், அதுக்கு சிங்களம் பேச மட்டும் தெரிஞ்சா போதாது, எழுதவும் வாசிக்கவும் தெரியணும், நம்ம பிள்ளைங்க தடுக்குற எடம் அதுதான், அதனால சேர்றதுக்கு முன்னாடியே எழுத்த படிச்சுட்டு போங்கன்னு நான் கடைக்கு வர்ற ஒவ்வொரு பொடியன்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். கோடு இல்லாம தொடங்குறத கேவலமா நினைக்கவும் வேணாம். வெள்ளைக்கார தோட்ட துரைமார் சேந்து 1900ல தொடங்கின சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ஸ்னு ஒரு படை கண்டியில தலைமையகம் வச்சு 1949 வரைக்கும் இருந்துச்சு, மலையில எல்லாரையும் நிறுத்தி வேல வாங்கின துரைமார்ல நெறைய பேர் அதுல கோடு இல்லாத சிப்பாயா வரிசையில நின்னு இன்னொருத்தர் சொல்லுக்கு காலடி வச்சவங்கதான்.

தியத்தலாவயில விமானப் படையும் இருக்கிறதால கடைசியா அதையும் சொல்லிர்றேன். நீல யூனிபோம்ல ரெண்டு கோடு இருந்தா அவரும் கோப்ரல், மூணுன்னா சார்ஜன்ட், ஆனா அங்க லான்ஸ் கோப்ரல்னு ஒரு படி இல்ல, அந்த எடத்துல லீடிங் எயார்கிராப்ட்மேன் இருப்பார். ஆமியில ஸ்டாப் சார்ஜன்ட் இருக்கிற எடத்துல அங்க பிளைட் சார்ஜன்ட். அப்புறம் ஆமி துணி மாதிரி பச்சையும் மண்நிறமும் கலந்து திட்டுத் திட்டா இருக்கிற சட்டை, காற்சட்டை எங்க மலிவா கெடைச்சாலும் பிள்ளைங்களுக்கு வாங்கி குடுக்காதீங்க, யூனிபோம் உரிமை இல்லாதவங்க போடுறது சட்டப்படி குத்தம், என்கிட்ட கோடு தைக்க வந்தாலும் ஆமி அடையாள அட்டைய பாத்துட்டுத்தான் ஊசியில நூல் கோக்கிறேன்.